ஜூன் மாதத்தில் புத்தக மூட்டை வாங்காதீர்கள்

போன மாதம் பக்கத்து ஊர் வாயனசாலையிலிருந்து போன். கேரளத்தில் ஊர் நூலகத்துக்கு அதுதான் பெயர். கமிட்டிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள். "அண்ணா, ரெண்டே நாள்ல இருபத்தாறு மூட்டை புஸ்தகம் வந்துருச்சுங்க, வந்து பாருங்க!" போய்ப் பார்த்தேன். சிமெண்டுத் தரையில், சுவரோடு ஒட்டி, இடுப்பளவு உயரத்துக்குச் சாக்குகள். வெளியே மழை பிடித்திருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. 2011-ல் எங்கள் வாயனசாலையில் நான் செய்த அதே காரியம், அதே மாதிரிச் சுவரோரம்.

பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரத்தில், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் ஊர் எங்களுடையது. இப்போது எல்லா வாயனசாலையும் சுற்றுச்சூழலைக் காக்கும் பசுமை நூலகம் ஆக ஆசைப்படுகிறது. நல்ல ஆசை. ஃபேனை அணைப்பது, குழாயை இறுக்கி மூடுவது பற்றியெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பிக்கொண்டே செய்யும் தவறுகள் சில இருக்கின்றன. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வருவதையெல்லாம் வாங்கி வைப்பது

"பழைய புத்தகத்தைக் குப்பையில் போடாதீர்கள், எங்களிடம் தாருங்கள்" என்று நோட்டீஸ் அடிப்போம். எப்போது? வாயனா தினத்தை ஒட்டி. 1945-ல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் தொடங்கிய பி.என். பணிக்கர் மறைந்தது 1995 ஜூன் 19. அடுத்த ஆண்டிலிருந்து அந்த நாளைக் கேரளம் வாசிப்பு தினமாகக் கொண்டாடுகிறது. புத்தகம் திரட்டுவதும் அந்த வாரத்திலேயே நடக்கிறது. ஆனால் தென்மேற்குப் பருவமழை இங்கே தொடங்குவது ஜூன் முதல் வாரவாக்கில். காகிதத்துக்கு ஆகாத காலம் அது.

2011-ல் நாங்களும் மூட்டைகளை உள்ளறையில் அடுக்கிவிட்டு, அப்புறம் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். ஜூலை போனது, ஆகஸ்டு போனது. ஓணத்துக்கு வெள்ளையடிக்க மூட்டையை நகர்த்தியபோது சுவரில் விரல் தடிமனுக்குக் கரையானின் மண்கோடு. ஒரு சாக்கைத் தூக்கினேன், எடையே இல்லை. மண்கோடு அங்கிருந்து சுவரிலேயே ஓடி, மர அலமாரியின் முதுகுப்பலகைக்குள் நுழைந்திருந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு ஃபைல் வைத்திருந்தோம். குளிர்பான ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து 2002 ஏப்ரலில் பிளாச்சிமடையில் தொடங்கிய போராட்டத்தின் காகிதங்கள். பந்தலில் கொடுத்த தமிழ், மலையாள நோட்டீசுகள், பிள்ளைகள் கையால் எழுதிய போஸ்டர்கள். போராட்டத்தை முன்னின்று நடத்திய மயிலம்மா 2007-ல் இறந்துபோனார். அவரோடு பந்தலில் உட்கார்ந்திருந்த சிலர் தங்கள் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்ததை எங்களை நம்பிக் கொடுத்திருந்தார்கள். ஃபைலின் மேலட்டை அப்படியே இருந்தது. திறந்தால் உள்ளே மண்.

ஒரு நாவல் போனால் இன்னொரு பிரதி வாங்கலாம். அந்தக் காகிதங்களை எங்கே போய் வாங்குவது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. எதற்காக இழந்தோம் என்று பார்த்தால், பிழைத்த மூட்டைகளில் இருந்தவை பாடத்திட்டம் மாறிப்போன கைடுகள், டெலிபோன் டைரக்டரி, அட்டை கிழிந்த வார இதழ்கள். அலமாரியில் வைக்கத் தகுந்தவை ஒரு சாக்குகூடத் தேறவில்லை.

எங்கள் ஊரில் தொல்லை தரும் கரையான் புத்தகத்தோடு வருவதில்லை, மண்ணிலிருந்து ஏறுகிறது. அதற்கு வேண்டியவை ஈரம், இருட்டு, யாரும் தொடாத இடம். சுவரோடு ஒட்டி அடுக்கிய மூட்டை மூன்றையும் தருகிறது. தரை வெடிப்பிலிருந்து அலமாரிக்கு நாமே பாலம் கட்டிக் கொடுக்கிறோம். புத்தகத்தோடு வருவது பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும்.

ஆகவே, புத்தகம் திரட்டுவதை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் வையுங்கள். வாயனா தினத்துக்கு வாசிப்பு மட்டும் போதும். மூட்டை வரும்வரை காத்திருக்காமல் கொடுப்பவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து எடுங்கள். வந்ததைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் அரையடி தள்ளி, இரும்பு ரேக்கில், தனி அறையில் ஒரு மாதம் வையுங்கள். வாரம் ஒருமுறை நிழலில் விரித்துப் பக்கம் பக்கமாகக் காற்றாட விடுங்கள். ஊருக்கே உரிய நோட்டீசும் விழா மலரும் போட்டோ எடுத்தபிறகு இரும்புப் பெட்டிக்குப் போகட்டும்.

வேண்டாம் என்று சொல்வதுதான் கஷ்டம். ரிட்டயரான மாஷ் (வாத்தியார்) ஒருவர் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து இறக்கும்போது மறுக்க வாய் வராது. நான் இப்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பிரிக்கிறேன். "மாஷே, இதுல பத்து நான் எடுத்துக்கறனுங்க. மத்தது பழைய பேப்பருக்குப் போகட்டுங்க." இதுவரை யாரும் கோபித்ததில்லை. பழைய பேப்பர் கடைக்குப் போனாலும் அது மீண்டும் காகிதம்தான் ஆகிறது, குப்பை ஆவதில்லை.

புத்தக எண்ணிக்கை கூடினால் வாயனசாலைக்கு நூலகக் கவுன்சில் தரும் கிரேடுக்கு நல்லது என்ற எண்ணமும் இதற்குள் இருக்கிறது. நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் நூலகம் வளரும் உயிரி என்று எழுதியதை அதற்குத் துணைக்கு அழைக்கிறார்கள். வளர்ந்த உடம்பு பழைய தோலை உதிர்த்துக்கொண்டுதான் இருக்கும். கமிட்டியில் தீர்மானம் போட்டு, ஸ்டாக் ரெஜிஸ்டரில் குறித்து, வருஷத்துக்கு ஒருமுறை கழித்தே ஆகவேண்டும்.

பிளாஸ்டிக் உறை

மழைக்குப் பாதுகாப்பு என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் போடுகிறார்கள். ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கிறது. காக்கி அட்டை போடுங்கள். கிழிந்ததற்கு செலோ டேப் வேண்டாம், அதன் பசை பழுத்துக் காகிதத்தைத் தின்னும். மைதாப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது பைண்டிங்காரர்களின் பழைய வழக்கம். அது விஷம், பிள்ளைகள் கைபடாமல் வையுங்கள்.

சுற்றுச்சூழல் நாளுக்கு ஃபிளெக்ஸ் பேனர்

வேண்டாம். துணியில் எழுதுங்கள்.

விதை அலமாரி

புத்தகம் போல விதையும் இரவல் தருவது அருமையான திட்டம். வாங்கியவர் விளைத்துத் திருப்பித் தர வேண்டும். தொடங்குபவர்கள் கடையில் கிடைக்கும் ஒட்டுரக பாக்கெட்டைக் கொண்டுவந்து அடுக்கிவிடுகிறார்கள். அதன் விதையை எடுத்து மறுபடி போட்டால் தாய்ச்செடி மாதிரி வராது. வாங்கியவர் மனம் விட்டுப்போய் அடுத்த முறை வரமாட்டார். நாட்டு விதையாக இருந்தாலும் பூசணி, பீர்க்கன் வகைகள் பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் சேர்ந்து கலந்துவிடும். தட்டப்பயறு, தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை, முதல் இரண்டு வருஷம் இவை போதும். உறையில் கொடுத்தவர் பெயர், எடுத்த மாதம், விதைக்கும் பட்டம் மூன்றும் எழுதியிருக்க வேண்டும். எங்கள் அலமாரியில் ஒரு பாட்டி சாம்பல் புரட்டிக் கொடுத்த தட்டப்பயறு ஆடிப்பட்டத்துக்குப் பதினோரு வீட்டுக்குப் போனது. ஏழு வீட்டிலிருந்து திரும்பி வந்தது. அதில் நான்கு பேர் அதற்குமுன் வாயனசாலைப் படி ஏறாதவர்கள்.

மலையாளத்தில் மட்டும் அறிவிப்பு

பாட்டிகளுக்குத் தமிழ்தான் படிக்க வரும். இரண்டிலும் எழுதுங்கள்.

காலை பத்து மணிக் கூட்டம்

உரம் தயாரிக்கக் கற்றுத் தரும் வகுப்பைப் பத்து மணிக்கு வைத்தால் கமிட்டிக்காரர்கள் மட்டும் கைதட்டிவிட்டுப் போவார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் திரும்பவே ஐந்து மணி ஆகும். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் (தெருப் பெண்களின் சுயஉதவிக் குழு) கூடும் ஞாயிறு மதியம் அந்த வீட்டுத் திண்ணைக்கே நாம் போய்விட வேண்டும். வாளி, காய்ந்த சருகு, சாணம் எல்லாம் அங்கேயே இருக்கும்.

அந்தப் பிள்ளைகளோடு அன்று இரவு பதினொன்றரை வரை உட்கார்ந்து இருபத்தாறு மூட்டையையும் பிரித்தோம். நூற்று நாற்பது புத்தகம் எடுத்தோம். பதினாறாவது மூட்டைக்கு அடியில் தரை ஈரமாகத்தான் இருந்தது.