எஞ்சின் திறனிலிருந்து உந்துவிசையைக் கணக்கிடுவது எப்படி?

விமான எஞ்சின் எந்த வகையைச் சேர்ந்ததாயினும், காற்றை முன்புறம் வாங்கி, அதன் வேகத்தைக் கூட்டிப் பின்னே தள்ளுகிறது; அந்தக் காற்று எஞ்சின்மேல் செலுத்தும் எதிர்விசையே உந்துவிசை. வெளியேறும் வாயு வெளிக்காற்றில் மோதி விமானத்தைத் தள்ளுகிறது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதைக் கைவிட்ட பிறகே கணக்கைத் தொடங்க வேண்டும். தேவையான அளவுகள் இரண்டு: நொடிக்கு எத்தனை கிலோகிராம் காற்று கடந்து செல்கிறது, அதன் வேகம் நொடிக்கு எத்தனை மீட்டர் கூடுகிறது. இவற்றைப் பெருக்கினால் உந்துவிசை நியூட்டன் அலகில் கிடைத்துவிடும்.

பிஸ்டன் எஞ்சினில் இந்த அளவுகள் நேரடியாகக் கிடைப்பதில்லை என்பதால், எஞ்சின் சுழற்றும் கிராங்க் தண்டுக்கு வரும் திறனிலிருந்து தொடங்க வேண்டும். உறிஞ்சுதல், அமுக்குதல், எரிந்து தள்ளுதல், வெளியேற்றுதல் என்னும் பிஸ்டனின் நான்கு வீச்சுகளுக்குள் அந்தத் தண்டு இருமுறை சுழல்கிறது. அவற்றுள் ஒரு வீச்சுதான் திறன் தருகிறது. செஸ்னா 172எஸ் விமானத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 2,700 சுற்றுகளில் 180 குதிரைத்திறன் தருகிறது. அப்படியானால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்திற்கு 1,350 முறையும், நான்கும் சேர்ந்து நொடிக்கு 90 முறையும் எரிகின்றன. இதை வெடிப்பு என்று சொல்வது பேச்சுவழக்கு மட்டுமே. கலவை சீராக எரியாமல் உண்மையிலேயே வெடித்தால் பிஸ்டனே சேதமடையும்.

அந்தத் திறனை உந்துவிசையாக மாற்றுவது புரொப்பெல்லர். அதன் ஒவ்வொரு தகடும் சுழலும் இறக்கைதான். நுனி வேகமாகவும் அடி மெதுவாகவும் நகர்வதால், காற்றை எல்லா இடத்திலும் ஏற்ற கோணத்தில் சந்திக்கும்படி அது முறுக்கப்பட்டிருக்கிறது. கணக்கு எளிது: திறனைப் பயனுறுதிறனால் (அதில் விமானத்தை நகர்த்தப் பயன்படும் பங்கால்) பெருக்கி, பறக்கும் வேகத்தால் வகுக்க வேண்டும். 180 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 1,34,000 வாட். பயனுறுதிறன் 80 விழுக்காடு, வேகம் நொடிக்கு 60 மீட்டர் என்று கொண்டால் உந்துவிசை சுமார் 1,790 நியூட்டன். விமானம் நிற்கும்போது இந்த வாய்பாட்டைப் பயன்படுத்தக் கூடாது. வேகம் சுழியாகும்போது பயனுறுதிறனும் சுழியாகிவிடுவதால் விடைக்குப் பொருளில்லை.

சுற்றுகளைக் கூட்டி மேலும் திறன் பெறலாமே என்று தோன்றலாம். 1.93 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லர் 2,700 சுற்றுகளில் சுழலும்போதே அதன் நுனி நொடிக்கு சுமார் 273 மீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒலியின் வேகமோ 15 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 340 மீட்டர். அதை நெருங்கினால் இரைச்சல் பெருகி, பயனுறுதிறன் சரியும்.

ஜெட் எஞ்சினிலும் அதே நான்கு செயல்களே நிகழ்கின்றன. ஆனால் ஒரே அறையில் மாறி மாறி நிகழாமல், தனித்தனி இடங்களில் இடைவிடாமல் நிகழ்கின்றன. அமுக்கி காற்றை நெருக்குகிறது. எரியறையில் எரிபொருள் எரிகிறது. சூடான வாயுவின் ஆற்றலில் ஒரு பகுதியை டர்பைன் எடுத்து அமுக்கியைச் சுழற்ற, மீதியுடன் வாயு பின்முனையில் பாய்ந்து வெளியேறுகிறது. பிரிட்டிஷ் பொறியாளர் ஃபிராங்க் விட்டில் 1930-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். ஆனால் ஜெட் எஞ்சினால் மட்டுமே இயங்கி முதலில் பறந்தது, 1939 ஆகஸ்ட் 27 அன்று, ஹான்ஸ் ஃபான் ஓஹைனின் எஞ்சின் பொருத்திய ஜெர்மானிய ஹைன்கல் ஹெச்இ 178.

இங்கே தொடக்கத்தில் சொன்ன பெருக்கலே போதும். நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்தின் எஞ்சின், நொடிக்கு 50 கிலோகிராம் காற்றை 600 மீட்டர் வேகத்தில் வெளியேற்றினால், கூடிய வேகம் 400 மீட்டர். உந்துவிசை 20,000 நியூட்டன். பறக்கும் வேகத்தைக் கழிக்க மறந்து 30,000 என்று எழுதுவதே வழக்கமான பிழை. இனி 500 கிலோகிராம் காற்றை 240 மீட்டர் வேகத்தில் தள்ளிப் பாருங்கள்: உந்துவிசை அதே 20,000 நியூட்டன்தான். ஆனால் காற்றுக்குக் கொடுக்க வேண்டிய இயக்க ஆற்றல் முதல் வழியில் நொடிக்கு 80 லட்சம் ஜூல், இரண்டாம் வழியில் 44 லட்சம் ஜூல். பயணிகள் விமானங்களின் எஞ்சின் முகப்பில் அவ்வளவு பெரிய விசிறி இருப்பதற்கும், குறைந்த வேகத்தில் புரொப்பெல்லர் இன்றும் சிக்கனமாக இருப்பதற்கும் இந்த வேறுபாடே காரணம்.

கணக்கில் உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சுமார் 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிதான். காற்றை அமுக்கி ஊட்டும் டர்போசார்ஜர் இல்லாத பிஸ்டன் எஞ்சின் அங்கே 180 குதிரைத்திறனில் பாதியைத் தந்தாலே அதிகம்.