உழவாரப்பணி: அரசங்கன்றை இழுக்காதீர்கள்

அடைமழை விட்டதும் கடலூர், பண்ருட்டிப் பக்கத்துச் சிவன் கோயில்களில் கோயிலைத் துப்புரவு செய்யும் புதுப்புது உழவாரக் குழுக்கள் இறங்கிவிடுகின்றன. பிராகாரத்தில் நெருஞ்சி பிடுங்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஏணி போட்டுக் கருவறைக்கு மேலுள்ள விமானத்தில் ஏறும்போதுதான் வினை.

விமானத்து அரசங்கன்று

விரல் பருமனுள்ள அரசங்கன்றை இரண்டு பேர் சேர்ந்து இழுப்பார்கள். கன்றோடு ஒரு செங்கல்லும் பூதகணத்தின் கையும் பெயர்ந்து வரும். திருவதிகை வீரட்டானம் போலச் சுதைச் சிற்பம் (சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவம்) நிறைந்த விமானங்களில் இந்தச் சேதத்தைச் சரிசெய்யத் தனி ஸ்தபதி வேண்டும். இத்தனைக்கும் வேர் முழுதாக வந்திருக்காது. காரைக்குள் தங்கிய துண்டு அடுத்த மழைக்கு நாலாகத் துளிர்க்கும்.

அதைவிட எரிச்சலூட்டுவது, அந்த ஓட்டையில் சிமெண்ட் அப்புவது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் விடாது. விளிம்பில் மயிரிழை வெடிப்பு விழுந்து உள்ளே போன தண்ணீர் அங்கேயே தங்கும், பக்கத்துச் செங்கல் உப்புப் பூத்து உதிரும், வேருக்கும் ஈரம் தாராளம்.

இரண்டிலைப் பருவக் கன்றை மட்டும் கையால் எடுக்கலாம். தண்டு முற்றியிருந்தால் ரம்பத்தால் சுவரோடு ஒட்ட அறுத்து, பால் காய்வதற்குள், சில நிமிடங்களிலேயே, வெட்டுவாயில் களைக்கொல்லி தடவ வேண்டும். எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கோயில் பொறியாளர் சொல்லட்டும். மறுபடி துளிர்த்தால் மறுபடி அதே வேலை. வேர் செத்துச் சுருங்க மாதக்கணக்காகும். பிறகு அதை எடுத்து, ஓட்டையை நனைத்து, நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்தால் அடைக்கலாம். ஒரு வாரமாவது ஈரச்சாக்கு கிடக்கட்டும். தேவனாம்பட்டினத்துக் கடற்கரை மணல் பக்கத்தில் கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள், அதில் உப்பு.

கல்லிடுக்கில் தொடை பருமன் வேரா? தொடவே வேண்டாம்.

கல்வெட்டில் கம்பி பிரஷ்

எழுத்து போய்விடும். தண்ணீரும் தென்னந்தும்பும் போதும். அப்பர் கையிலிருந்த உழவாரமே தரையில் புல் செதுக்கும் கருவிதான். சுவர் சுரண்ட அல்ல.

ஆசிட்

கூடாது. கருங்கல் தாங்கினாலும் இணைப்புச் சுண்ணாம்பு கரையும்.

அனுமதி

கடலூர்ப் பக்கம் பெரும்பாலும் அறநிலையத்துறைச் செயல் அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். குருக்கள் தலையாட்டினால் ஆகாது. புதுச்சேரிக் கோயில்களுக்கு அந்த அரசின் துறை வேறு. பாகூர் மூலநாதர், திருவாண்டார்கோயில் இரண்டும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அங்கே கட்டடத்தில் கை வைக்க அவர்கள் சொல்ல வேண்டும்.