சாதகத்துக்கு முதல் இரத்தம் பாருங்கள்: தலசீமியாச் சோதனை செய்வது எப்படி

மட்டக்களப்பில் கலியாணப் பேச்சென்றால் முதலில் குடி, அதாவது குலம், பிறகு சாதகம், அப்புறம் சீதன வீடு. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் இரத்த நோயான தலசீமியா கணக்கிலேயே இல்லை. ஒரே குடிக்குள் கட்டமாட்டோம், அதனால் பயமில்லை என்று பெரியம்மாமார் நம்புகிறார்கள். ஆனால் குடி தாய்வழியில் வருவது, மாமன் மகளுக்கு மாமியின் குடி, ஆகவே மச்சான் மச்சாள் கட்ட ஒரு தடையும் இல்லை. சொந்த மச்சாளுக்கும் உங்களுக்கும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது, ஆகவே ஒரே குறை இரண்டு பேரிடமும் இருக்கலாம்.

சரி, எஃப்.பி.சி. (முழு இரத்தக் கணக்குச் சோதனை) ஒன்று எடுங்கள். ரிப்போட்டில் எல்லோரும் ஹீமோகுளோபினோடு நின்றுவிடுவார்கள், நீங்கள் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு), எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) வரிகளையும் பாருங்கள். 80க்கும் 27க்கும் கீழே என்றால் டொக்டரிடம் காட்டவேண்டும். இரும்புச்சத்துக் குறைந்தாலும் இவை விழும். என் தங்கச்சிக்கு எம்.சி.வி. 66, மூன்று மாதம் இரும்புக் குளிசை போட்டும் அசையவில்லை, பிறகு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் எச்.பி.எல்.சி. சோதனை செய்தபோதுதான் ஏ2 என்ற வகை 5 வீதம் என்று வந்தது. 3.5ஐத் தாண்டினால் பெரும்பாலும் பீட்டா தலசீமியாக் காவிதான். காவி என்றால் நோய்க்கான மரபணுவைச் சுமப்பவர், நோயாளி இல்லை, அவள் இப்பவும் வெயிலுக்குள் சைக்கிள் மிதித்துத்தான் வேலைக்குப் போகிறாள்.

மாப்பிள்ளையும் சோதனைக்குக் கை நீட்டவேண்டும். இரண்டு பேருமே காவியென்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. மூத்ததுக்கு வந்துவிட்டது, மற்றதுகள் தப்பும் என்று கணக்குப் போடாதீர்கள். வந்த பிள்ளைக்கு மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா இரத்தம் ஏற்றவேண்டும், உடம்பில் சேரும் இரும்பை இறக்க மருந்தும் வேண்டும்.

சைப்பிரசில் 1983இலிருந்து தேவாலயத்தில் கலியாணம் செய்யச் சோதனைச் சான்றிதழ் கேட்டார்கள். காவிச் சோடிகளில் பெரும்பாலானோர் பிரியவில்லை, கருவைச் சோதித்து முடிவெடுத்தார்கள். இங்கே 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டும்தான் கருவைக் கலைக்கலாம். அதனால்தான் கட்டுவதற்கு முன்னமே தெரிந்திருக்கவேண்டும் என்கிறேன். தெரிந்த பிறகு கட்டுவதா விடுவதா, பிள்ளை வேண்டுமா என்பது அந்த இரண்டு பேரின் பாடு, மாமன்மார் கூடிப் பேசும் விசயம் இல்லை. "இப்படிப் பிள்ளை பிறக்கவே கூடாது" என்று சத்தமாகச் சொல்லவும் வேண்டாம், பக்கத்து வீட்டில் அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கும்.

ரிப்போட்டைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். கட்டப்போகிறவரிடம் மறைக்கவும் வேண்டாம், நேரே சொல்லுங்கள். தங்கச்சியின் ரிப்போட் எப்படியோ வெளியே போய், "பெட்டைக்கு இரத்தத்தில் வருத்தமாம்" என்று ஊர் முழுக்கக் கதை.

ஒருவர் காவியென்றால் கூடப்பிறந்தவர்களும் பார்க்கவேண்டும். நானும் குத்திப் பார்த்தேன், எனக்கும் அதேதான், எம்.சி.வி. 67. என்னைப் பற்றி மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை.