மங்கலில் தடுமாறிய வியூஃபைண்டர்

வெளிச்சம் மங்கினாலே என் மிரர்லெஸ் கேமராவின் வியூஃபைண்டரில் (கண் வைத்துப் பார்க்கும் சின்னத் திரை) எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். கேமராவைத் திருப்பினால் காட்சி இழுபடும். திரையில் கோளாறு இல்லை. படத்தைப் பதியும் சென்சாருக்கு வரும் வெளிச்சத்தைத்தானே அது காட்ட முடியும்! என் ஜூம் லென்ஸ் முழுதாக நீட்டினால் எஃப்/5.6 (இந்த எண் கூடக்கூட லென்ஸ் துளை சிறுக்கும், வெளிச்சம் குறையும்). வெளிச்சம் பற்றாதபோது கேமரா சிக்னலைப் பெருக்குகிறது, அதில் புள்ளிகள் வருகின்றன; ஃப்ரேம் வேகத்தையும் குறைக்கிறது, அதில் காட்சி இழுபடுகிறது.

எஃப்/1.8 பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் வாங்கி மாட்டினேன். கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சம், காட்சி தெளிந்துவிட்டது. அப்புறமும் எஃப்/8 வைத்தால் புள்ளிகள் எட்டிப் பார்த்தன. படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று முன்பே காட்டும் எக்ஸ்போஷர் முன்னோட்டத்துக்காக என் கேமரா லென்ஸ் துளையை (அப்பெர்ச்சர்) சுருக்கியே வைத்திருக்கிறது. மெனுவில் முன்னோட்டத்தை அணைத்தேன், சரியாகிவிட்டது. பகலில் மட்டும் படமெடுப்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டாம், இருக்கிற ஜூமே போதும்.