புதிர் போடும்போது நாம் கோட்டை விடுகிற இடங்கள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் சொந்தக்காரர் ஒருவருக்குச் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். விருந்து முடிந்து, வெயில் தாழட்டும் என்று ஏழெட்டுப் பேர் வீட்டு முன்பக்கத்து முகப்புப் பட்டாலையில் உட்கார்ந்தோம். ஒருத்தன் புதிர் போட ஆரம்பித்தான். நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரமும் காப்பியும் வருவதற்குள் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு எழுந்து போயிருந்தார்கள். புதிர் கடினம் என்பதற்காக இல்லை. போட்டவன் அரைகுறையாகச் சொன்னான், கேட்டவர்கள் அதையும் அரைகுறையாகக் கேட்டார்கள். இப்படிப் பல கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். மூளை போதாமல் தோற்றவர்களைவிடக் காது போதாமல் தோற்றவர்களே அதிகம்.

முதல் தவறு புதிர் போடுகிறவருடையது. விடுகதையா, கணக்குப் புதிரா என்று சொல்லாமலேயே ஆரம்பித்துவிடுவார். இரண்டும் வேறு வேறு சாதி. அன்றைக்கு அப்பத்தா ஒன்று போட்டார்கள்: "ஆயிரம் தச்சர் கூடிக் கட்டின மண்டபம், ஒருத்தன் கண்ணு பட்டு உடைஞ்சு போச்சு. அது என்ன?" பர்மா தேக்குத் தூணில் சாய்ந்திருந்த நாங்கள் எல்லாரும் வீடு, கோயில், தேர் என்றே போனோம். விடை தேன்கூடு. விடுகதையில் சொல்லே நம்மை ஏமாற்றும், ஏமாற்ற வேண்டும். கணக்குப் புதிரில் அந்த வேலை கூடாது. சொன்ன சொல்லுக்குச் சொன்ன பொருள்தான். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரை சேர்க்கச் சொன்னால், "பாலம் வழியாப் போகட்டுமே" என்பது ஒரு தடவைக்குச் சிரிப்பு. மூன்றாவது தடவை அடிதான் விழும்.

அதே புலி-ஆட்டுப் புதிரில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஆட்டை முதலில் அக்கரை விட வேண்டும் என்பது எல்லாருக்கும் உடனே தெரிந்துவிடும். அடுத்துப் புலியைக் கொண்டுபோனதும் சிக்கிக்கொள்வார்கள். விடை, திரும்பும்போது ஆட்டைக் கூடவே இக்கரைக்கு ஏற்றி வருவதில் இருக்கிறது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நாமே ஒரு விதியைப் போட்டுக்கொண்டு நாமே அதில் மாட்டிக்கொள்கிறோம். முழிக்கிற நேரத்தில், "இதை யார் சொன்னது, அவனா நானா?" என்று கேட்டுப் பார்த்தால் பாதிப் பூட்டு திறந்துவிடும்.

அவசரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணியாரமும் சட்னியும் சேர்த்து 110 ரூபாய், பணியாரம் சட்னியைவிட 100 ரூபாய் அதிகம், சட்னி எவ்வளவு? பத்து என்றவர்கள் கையைத் தூக்குங்கள். ஐந்துதான். 105-ம் 5-ம் சேர்ந்தால்தான் 110.

இனி எனக்குப் பிடித்த புதிர். ஒருவர் கொஞ்சம் பூவோடு மூன்று கோயிலுக்குப் போகிறார். ஒவ்வொரு கோயிலுக்கு முன்னாலும் ஓர் ஊருணி. அதில் நனைத்தால் பூ இரண்டு மடங்காகும். மூன்று கோயிலிலும் ஒரே எண்ணிக்கையில் பூ வைக்கிறார். மூன்றாவதில் வைத்ததும் கை காலி. குறைந்தது எத்தனை பூவோடு கிளம்பியிருப்பார்? எல்லாரும் செய்கிற தவறு, கிளம்பிய இடத்திலிருந்தே தொடங்குவது. ஐந்தா, ஆறா, பத்தா என்று குத்துமதிப்பாகப் போட்டுப் பார்த்துச் சலித்துப்போவார்கள். வட்டிக் கணக்கிலேயே வளர்ந்த ஐயா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்னாலிருந்து வந்தார். ஒரு கோயிலில் வைப்பதை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டார். கடைசிக் கோயிலில் ஒரு பங்கு என்றால், ஊருணிக்கு முன்னால் அரை. இரண்டாவது கோயிலில் வைத்த பங்கையும் சேர்த்தால் ஒன்றரை, ஊருணிக்கு முன்னால் முக்கால். முதல் கோயில் பங்கையும் சேர்த்தால் ஒன்றே முக்கால், அதில் பாதி முக்காலே அரைக்கால். அதாவது எட்டில் ஏழு. ஆக 7 பூவோடு கிளம்பி, கோயிலுக்கு 8 வைத்திருக்கிறார். காகிதம் கேட்கவில்லை, போனைத் தொடவில்லை. "நம்ம நகரத்தார் கோயில் ஒம்பதுக்கும் போனா?" என்று ஒரு பையன் மடக்கினான். ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "511 பூ. கோயிலுக்கு 512" என்றார்.

முடிவு தெரிந்து தொடக்கம் தெரியாத புதிர் எதுவானாலும் பின்னாலிருந்து வாருங்கள்.

அடுத்தது, முடியாத ஒன்றை முடியும் என்று நம்பி மல்லுக்கட்டுவது. நாங்கள் உட்கார்ந்திருந்த தரை, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பதித்த ஆத்தங்குடிக் கல். எட்டுக்கு எட்டாக 64 கல்லைச் சாக்பீஸால் வளைத்து, குறுக்காக எதிரெதிரே இருக்கும் இரண்டு மூலைக் கல்லில் கல்லுக்கொரு செம்பை வைத்தோம். மிச்சம் 62 கல். பக்கத்துப் பக்கத்துக் கல்லாக இரண்டிரண்டாகச் சேர்த்து 31 ஜோடி போட வேண்டும். மச்சான் ஒருத்தர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கோடு போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். ஒவ்வொரு தடவையும் இரண்டு கல் மிஞ்சியது. மிஞ்சியது எந்த நிறம் என்று ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை. பக்கத்துக் கல் எப்போதும் வேறு நிறம், அதனால் ஒரு ஜோடி என்றால் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. செம்பு வைத்த இரண்டு மூலையும் ஒரே நிறம். ஒரு நிறம் 32, மற்றது 30. எப்படிப் போட்டாலும் ஒத்துவராது. நாலைந்து தடவை ஒரே மாதிரி தோற்றால் கையை நிறுத்திவிட்டு, இது முடியுமா என்ற கேள்வியை எடுக்க வேண்டும்.

சண்டை வந்தது மூன்று டம்ளர் புதிரில். மூன்றைக் கவிழ்த்து, ஒன்றின் அடியில் ஒரு சோழி. நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். வைத்தவர் மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் தூக்கிக் காட்டி, "மாத்திக்கிறீகளா?" என்கிறார். மாற்றினால் லாபமா? 1990-ல் மெரிலின் வாஸ் சவான்ட் என்ற பத்தி எழுத்தாளர் அமெரிக்காவின் பரேட் இதழில், மாற்றுவதே நல்லது என்று எழுதினார். சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. ஆயிரத்தை ஒட்டி முனைவர் பட்டம் பெற்றவர்களிடமிருந்து. பெரும்பாலானவை அவர் சொன்னது தப்பு என்றன. சரியாகச் சொன்னவர் அவர்தான். முதலில் தொட்டது தப்பாக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு, அப்போதெல்லாம் மாற்றினால் சோழி உங்களுக்கு.

ஆனால் எங்கள் ஆள் ஒன்றை விழுங்கிவிட்டான். தூக்குகிறவருக்குச் சோழி இருக்கும் இடம் தெரியும், அவர் எப்போதும் காலி டம்ளரைத்தான் தூக்குவார் என்பதை அவன் சொல்லவில்லை. அவர் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தூக்கி அது காலியாக இருந்தது என்றால், கணக்கு பாதிக்குப் பாதி. கத்தினவர்கள் இரண்டு பேரும் தங்கள் தங்கள் புதிருக்குச் சரியான விடையைத்தான் சொன்னார்கள்! இந்த மாதிரி இடத்தில் தொண்டையை நம்பாதீர்கள். விதியைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, எவர்சில்வர் டம்ளரை வைத்து முப்பது ஆட்டம் ஆடிப் பாருங்கள். தூக்குகிறவர் தெரிந்தே காலியைத் தூக்கினால், மாற்றுகிறவர் இருபதை ஒட்டி ஜெயிப்பார்.

விடை முன்பே தெரிந்தவர் "எனக்குத் தெரியும்" என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். உதட்டோரச் சிரிப்பும் வேண்டாம். அதுவே ஒரு துப்பு.

பணியாரம் வந்தது. அழித்து அழித்துக் களைத்த மச்சான் தன் தட்டை ஒரு கறுப்புக் கல்லிலும் காப்பி டம்ளரைத் தள்ளி ஒரு வெள்ளைக் கல்லிலும் வைத்துவிட்டு, செம்பு இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்தார். "இப்பப் போட முடியுமா?"

முடியும். கறுப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என்று எந்த இரண்டை எடுத்தாலும் முடியும். நான் சொல்லவில்லை. அவர் சாக்பீஸைத் தேடிக்கொண்டிருந்தார்.