போன் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்?

குடியாத்தம் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளியை மூடியபோது இரண்டு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்று நினைத்து, சாக்பீஸ் டப்பாவைக்கூட மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1 அன்று. வந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. மோர்தானா அணை நிரம்பி கவுண்டன்யா ஆற்றில் வெள்ளம் வர, திரும்பவும் விடுமுறை. இனி ஒரு காய்ச்சலோ வெள்ளமோ பள்ளியை மூடத்தான் போகிறது. பள்ளி மூடியிருக்கும்போது வீட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பாடத்தை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். "வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா?" என்று கேட்டேன். 29 வீட்டில் இருக்கிறது என்றார்கள். சந்தோஷமாகக் காலை பத்து மணிக்கு வகுப்பு வைத்தேன். ஆறு பேர் வந்தார்கள். மற்ற வீடுகளுக்குப் போன் போட்டால் எடுப்பது அப்பா, அதுவும் வேலை செய்யும் இடத்திலிருந்து. நேரில் போய்க் கேட்டபோது ஒரு அம்மா சொன்னார்: "போன் கீது டீச்சர். அவரு கைல கீது. ராத்திரி எட்டு மணிக்குதான் வூட்டுக்கு வரும்."

அவர் "வரும்" என்று சொன்னது கணவரை இல்லை, போனை. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. போன் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. அது எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும், வந்தபின் எத்தனை பிள்ளைகள் அதற்குக் காத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள்

பள்ளி மூடிய முதல் வாரம் பாடம் எதுவும் நடத்தாதீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கூகுள் படிவம் அனுப்பினால் அதை நிரப்புவது ஏற்கெனவே வசதி உள்ள வீடுதான். நமக்குத் தெரிய வேண்டியது மற்ற வீடுகள். போக முடிந்தால் வீட்டு வாசல் வரை போங்கள், முடியாவிட்டால் ராத்திரி போனில் பேசுங்கள். என் நோட்டில் இருந்தவை இவை: போன் யாருடையது, எப்போது வீட்டில் இருக்கும், ரீசார்ஜ் எந்தத் தேதி தீர்கிறது, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு போன், வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார், டிவி ஓடுகிறதா, பகலில் பிள்ளையோடு இருப்பது யார்.

கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் "ஆயா", அதாவது பாட்டி, என்று வந்தது. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மா விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்விடுகிறார் என்றால், நாம் "பெற்றோர் கவனத்திற்கு" என்று அனுப்புவதெல்லாம் யாருக்குப் போகிறது? ஆயாவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பெயரோடு "உடம்பு எப்படி இருக்கும்மா" என்று கேட்டுவிட்டுப் பிள்ளையைக் கூப்பிடச் சொன்னால், பிள்ளை எந்தத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாலும் போனுக்கு வந்து சேரும்.

இப்படி எழுதி முடித்ததும் போன் உள்ள வீடுகள் தானாகவே மூன்றாகப் பிரிந்தன: போன் ராத்திரி மட்டும் வரும் வீடு, பகலிலும் இருக்கும் வீடு, பட்டன் போன் மட்டும் உள்ள வீடு. எட்டு மணி வீடு, பகல் வீடு, பட்டன் வீடு என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒரே பாடத்தை மூன்று வழியில் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். வேலை கூடும், இல்லை என்று சொல்லவில்லை.

எட்டு மணி வீடு

இந்த வீடுகளுக்கு நேரலை வகுப்பு ஆகாது. வேலை முடிந்து வந்த மனிதர் சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் தானும் போன் பார்க்க ஆசைப்படுவார், அதுவும் நியாயம்தான். ஆகவே பாடத்தை ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் செய்தியாக அனுப்புங்கள். எழுத்து வேண்டாம். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு எழுத்துச் செய்தி வந்தால், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டி அர்த்தம் கேட்க வேண்டியிருக்கிறது. அதில் இருக்கும் கூச்சத்தை நாம் யோசிப்பதே இல்லை. பேரணாம்பட்டு பக்கம் உருது பேசும் வீடுகள், எல்லையோரம் தெலுங்கு பேசும் வீடுகள் என்றால், அந்த மொழி தெரிந்த சக ஆசிரியரை முக்கியமான செய்தியை மட்டும் பேசித் தரச் சொல்லுங்கள்.

பிடிஎப் அனுப்பாதீர்கள். நான் ஒரு முறை 14 பக்கப் பயிற்சித் தாளை அப்படியே அனுப்பினேன். ஓர் அம்மா அதை பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து அச்செடுத்து, "வூட்டுல மூணு பேரு டீச்சர், மூணு செட்டு எடுத்தேன்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. அதன்பிறகு ஒரு கணக்கு, ஒரு படம், அதையும் நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வது என்று வைத்துக்கொண்டேன்.

வீடியோ அனுப்பும் முன் அதன் அளவைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 1.5 ஜிபி என்ற பேக்கில் மூன்று பிள்ளைகளின் மூன்று பள்ளி வீடியோக்கள் ஓட வேண்டும். வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்தும் வசதி அமைப்புகளுக்குள் இருக்கிறது. வீட்டு வாசலுக்குப் போகும்போது கையோடு அதைச் செய்து கொடுத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் எந்தப் பாடத்தைவிடவும் அதற்குத்தான் எனக்கு நன்றி அதிகம் கிடைத்தது.

குழு ஆரம்பிக்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள். குழுவில் சேர்த்தால் எல்லா அம்மாக்களின் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண்ணுக்கு ராத்திரியில் யாரோ போன் செய்யத் தொடங்கி, அவர் எண்ணையே மாற்றிவிட்டார். அவர் பிள்ளையை நான் பத்து நாள் தேடினேன். பிராட்காஸ்ட் பட்டியல் போட்டால் ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே முதல் வாரமே "கணக்கு டீச்சர்" என்று நம் எண்ணை அவர்கள் போனில் நாமே ஏற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, யார் வீட்டுப்பாடம் அனுப்பவில்லை என்ற பட்டியலைப் பொதுவில் போடாதீர்கள். நான் போட்டேன். மறுநாள் நான்கு பேர் குழுவை விட்டு வெளியேறினார்கள். மேலே இருந்து தினமும் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிக்கை கேட்டால், கேட்பவருக்குத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். பாராட்டை மட்டும் எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள், பெயர் சொல்லி.

பகல் வீடும் பட்டன் வீடும்

பகலில் போன் இருக்கும் வீடு நமக்குச் சுலபம் என்பதால் அங்கேயே பாடத்தைக் கொட்டிவிடத் தோன்றும். 2020 ஜூலையில் ஆன்லைன் வகுப்புகளுக்காக மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டி, எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுக்கு மேல் வேண்டாம், ஒன்று 30 முதல் 45 நிமிடம் என்று சொன்னது. என் அனுபவத்தில் இரண்டாவது அமர்விலேயே பிள்ளையின் கண் ஜன்னலுக்குப் போய்விடும்.

பட்டன் போன் வீட்டை எல்லாரும் விட்டுவிடுவார்கள். எனக்கு நல்ல பாடம் நடந்தது அங்கேதான். கான்பரன்ஸ் கால் போட்டு நான்கு பிள்ளைகளை ஒன்றாகப் பிடிப்பேன், பத்து நிமிடம். படம் கிடையாது, ஆகவே எல்லாம் வாய்க்கணக்கு. ஒருவன் கேள்வி சொல்ல, இன்னொருத்தி விடை சொல்ல, மூன்றாமவன் "தப்பு டீச்சர்" என்று கத்த, வகுப்பின் சத்தம் திரும்பி வந்தது போல இருக்கும். மிஸ்டு கால் கொடுத்தால் நான் கூப்பிடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எடுக்க மாட்டேன் என்றும் சொல்லி வைத்தேன். இரண்டையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

டிவி இருந்தால் கல்வித் தொலைக்காட்சி உண்டு. 2019 ஆகஸ்டில் தொடங்கியது, அரசு கேபிளில் 200ஆம் எண். சானல் இருக்கிறது, பாருங்கள் என்று சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு எந்தப் பாடம் என்று பெரிய எழுத்தில் எழுதி டிவிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வர வேண்டும். பார்த்த அன்றே பிள்ளையைப் போனில் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும்.

எந்தப் போனும் இல்லாத வீட்டுக்குக் காகிதம்தான் வழி. கொடுக்கும் இடத்தைப் பள்ளியாக வைக்காதீர்கள். ஜனங்கள் எப்படியும் வரும் இடமாக இருக்கட்டும். எங்களுக்குப் பால் சொசைட்டி வாய்த்தது. விடியற்காலையில் பால் ஊற்ற வருபவர் கையில் தாளைக் கொடுத்துவிட்டுப் போன வாரத் தாளை வாங்கிக்கொள்வேன். சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பள்ளியில் கொடுத்த நாட்களில் எல்லாக் குடும்பமும் வரும். அந்த நாளை விட்டுவிடாதீர்கள். அணைக்கட்டு ஒன்றியத்தில் மலைமேல் பீஞ்சமந்தை பக்கம் வேலை பார்த்த தோழிக்கு டவரே கிடைக்காது. அவளுடைய மொத்த ஏற்பாடும் காகிதம்தான், வாரம் ஒரு முறை, நடந்து.

அம்மாவை டீச்சர் ஆக்காதீர்கள்

பீடி சுற்றும் ஓர் அம்மா மடியில் முறம், கையில் இலை, பக்கத்தில் பிள்ளையின் நோட்டு என்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பின்னம் சொல்லித் தரத் தெரியவில்லை என்று அழுதார். எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவரின் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, போதாததற்குத் தான் படிக்காதவள் என்ற எண்ணத்தையும் கொடுத்திருக்கிறோம். அதன்பிறகு வீட்டாரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: ராத்திரி சாப்பிடும்போது "இன்னைக்கு இன்னா கத்துகின?" என்று கேளுங்கள், பிள்ளை சொல்வது புரியாவிட்டாலும் "அப்புறம்?" என்று கேளுங்கள். சொல்லித் தருவது என் வேலை.

வீட்டில் ஏற்கெனவே நடக்கும் வேலையில் கணக்கு இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் கைலித் தறி உண்டு. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலில், எத்தனை இழைக்கு ஒரு முறை நிறம் மாறுகிறது என்று தாத்தாவைக் கேட்டு எழுதி அனுப்பினாள். 12 சிவப்பு, 4 வெள்ளை, 8 நீலம். அப்படியானால் 480 இழையில் அந்த வரிசை எத்தனை முறை வரும்? இருபது முறை. தாத்தா பாவைப் பார்த்தே சொல்லிவிட்டாராம், இவள் வகுத்துக் கண்டுபிடித்தாள். அடுத்த வாரம் தாத்தாவே கூப்பிட்டு "இந்த வாரம் கணக்கு இல்லையா டீச்சரம்மா?" என்றார்.

இதில் ஒரு கோடு இருக்கிறது. எத்தனை இழை என்று எண்ணச் சொல்லலாம். பிள்ளையைத் தறியிலோ முறத்தின் முன்னோ உட்கார வைக்கும் சாக்காக அது மாறிவிடக் கூடாது.

போனை எடுக்காத பிள்ளை

இரண்டு வாரம் தொடர்ந்து ஒரு பிள்ளையின் குரல் கேட்கவில்லை என்றால் போன் கெட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். "சும்மாதான டீச்சர் கீறான், கைச்செலவுக்கு ஆவுது" என்றார் அம்மா. முதல் நாளே சட்டம் பேசினால் கதவு சாத்திக்கொள்ளும். முதலில் கடன் எவ்வளவு, ரேஷன் வருகிறதா என்று கேளுங்கள். அப்புறம் "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவன் எனக்கு வேண்டும்" என்று கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை தலைமை ஆசிரியரையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும், அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஒருவரையும் கூட்டிப் போங்கள். அந்தப் பையனை மீட்க எனக்கு நான்கு முறை நடக்க வேண்டியிருந்தது. இன்னொருவனை மீட்க முடியாமலும் போயிற்று.

பெண் பிள்ளைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று காதில் விழுந்தால் மட்டும் இந்தப் பொறுமை எதுவும் வேண்டாம். அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குக் கூப்பிடுங்கள். சொன்னது யார் என்று ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்று தயங்கினேன், ஒரு ராத்திரி. அந்த ஒரு ராத்திரி இன்னும் என்னை விடவில்லை.

ஜூன் மாதமே தொடங்குங்கள்

பள்ளி மூடிய பின் இந்த நோட்டைப் போடுவது கஷ்டம். சேர்க்கைக்கு அப்பா அம்மா நேரில் வந்து நிற்கும்போதே கேட்டுவிடலாம். படிவத்தில் போன் எண் இருக்கும். அதன் பக்கத்தில் அந்தப் போன் வீட்டுக்கு வரும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பென்சிலால் எழுதுங்கள். ஷிப்ட் மாறும், சிம் மாறும், தீபாவளிக்குள் பாதிப் பக்கம் அழித்து எழுத வேண்டி வரும்.