செக்கு எண்ணெய்க்கு விளம்பரம் எழுதுவது எப்படி?

சிறிய அளவில் எண்ணெய் ஆட்டி விற்பவர்களின் நோட்டீஸைப் பாருங்கள். "பாரம்பரிய முறையில் தயாரான, தரமான, சுத்தமான, ஆரோக்கியமான மரச்செக்கு நல்லெண்ணெய்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அதில் கடைப் பெயரை அடித்துவிட்டுப் போட்டிக் கடையின் பெயரை எழுதிப் பாருங்கள். வேறு ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்காது. அப்படியானால் அச்சுக்கூலி உங்களுடையது, விளம்பரம் எல்லோருக்கும் பொது. கீழே நல்லெண்ணெயை வைத்துச் சொல்லும் முறை சோப்பு, ஊறுகாய், சத்துமாவு என எதற்கும் பொருந்தும்.

எழுத உட்காரும் முன் செக்கடிக்குப் போய்க் குறிப்பெடுங்கள். எள் கறுப்பா, வெள்ளையா? எந்த ஊர்ச் சரக்கு? உலக்கை என்ன மரம்? ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு கருப்பட்டி போடுகிறார்கள்? எத்தனை நாள் வெயிலில் தெளிய வைக்கிறார்கள்? எதில் வடிகட்டுகிறார்கள்? முக்கியமாக, ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோ எள் செல்கிறது? எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். அதிலும் கொஞ்சம் பிண்ணாக்கோடு போய்விடும். ஆகவே லிட்டருக்கு இரண்டரைக் கிலோ அளவில் எள் பிடிக்கும். இந்த எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள். உங்கள் செக்கில் எடை போட்டு, வந்த கணக்கை எழுதுங்கள்.

அடுத்து, கடைக் கல்லா அருகே ஒரு மணி நேரம் நின்று வாடிக்கையாளர்கள் கேட்பதை அவர்கள் வாய்ச்சொல்லாகவே குறித்துக்கொள்ளுங்கள். "ஏங்க இவ்வளவு விலை?", "அடியில என்ன இது, மண்டி மாதிரி?", "பாமாயில் கலக்கலையே?" என்று வரும். ஒவ்வொரு கேள்வியும் ஒரு தனி விளம்பரம். மூன்றுக்கும் ஒரே நோட்டீஸில் பதில் சொல்லப் போனால் ஒன்றும் மனதில் நிற்காது.

முதலில் விலையை எடுங்கள், பலரும் வழுக்குவது அங்கேதான். "விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் தரம்..." என்று ஆரம்பித்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டுச் சமாதானம் சொல்வதாக ஆகிவிடும். விலையைச் சொல்லாமல் மறைத்தாலும் வாங்க வந்தவர் கல்லாவில் திகைப்பார். காரணத்தை முன்னால் போடுங்கள்:

"ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ எள். அதனால்தான் இந்த விலை."

இதில் "தரம்" என்ற சொல்லே இல்லை. எள் என்ன விலை என்பது வீட்டில் சமைப்பவருக்குத் தெரியும், கணக்கை அவரே போட்டுக்கொள்வார். விலைக்குப் பக்கத்தில் அளவையும் எழுதுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். செக்கில் கிலோ கணக்கிலும் கடையில் லிட்டர் கணக்கிலும் விற்றுவிட்டு இரண்டுக்கும் ஒரே விலை எழுதினால், எங்கேயோ ஏமாற்று என்ற சந்தேகம் வந்துவிடும்.

மண்டிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். "வெயிலில் தெளிய வைத்துத் துணியில் வடிகட்டியது. அடியில் கொஞ்சம் மண்டி தங்கும், ஆட்டாமல் ஊற்றுங்கள்" என்று பாட்டில் கழுத்தில் ஒரு சீட்டுக் கட்டினால் போதும். "மற்றவர்களைப் போல் நாங்கள் ரசாயனம் போடுவதில்லை" என்று மட்டும் சேர்க்காதீர்கள். நிரூபிக்க முடியாது, வக்கீல் நோட்டீஸ்தான் வரும்.

வானொலிக்கு எழுதும்போது 30 விநாடிக்கு 45 முதல் 50 சொல் போதும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் ஆங்கில விளம்பரத்தின் சொல் கணக்கை வைத்து எழுதினால், படிப்பவர் மூச்சுவிடாமல் ஓட வேண்டியிருக்கும். மாமியாரும் மருமகளும் எண்ணெய் பற்றி உரையாடும் நாடகம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒரே குரல், பேச்சுத் தமிழ்:

"இட்லிப் பொடியில குழி பண்ணி எண்ணெய் ஊத்துறீங்க. வாசம் வருதா? லிட்டருக்கு ரெண்டரைக் கிலோ எள்ளு, கூடக் கொஞ்சம் கருப்பட்டி, வாகை மரச்செக்குல ஆட்டினது. மோந்து பாத்துட்டு வாங்குங்க. (பெயர்) நல்லெண்ணெய். பஸ் ஸ்டாண்டு எதிர்ல. (பெயர்) நல்லெண்ணெய்."

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. "மோந்து பாத்துட்டு" என்று சொல்லிவிட்டால் கல்லாவில் திறந்த மாதிரிப் பாட்டில் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் விளம்பரம் பொய். வானொலியில் கருப்பட்டி என்று சொல்லிவிட்டு லேபிளில் "100% எள் மட்டுமே" என்று போட்டாலும் மாட்டிக்கொள்வீர்கள். பத்து இலக்க போன் நம்பரைப் படிக்காதீர்கள். ஐந்தாறு விநாடி அதற்கே போய்விடும், வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர் எழுதி வைக்கவும் மாட்டார். ஊரறிந்த அடையாளம் ஒன்று போதும். பெயர் இரண்டு முறை வரட்டும்.

குறுஞ்செய்தியில் வேறு சிக்கல். ஆங்கிலத்தில் 160 எழுத்து ஒரு செய்திக்குள் அடங்கும், தமிழில் 70தான். அந்த 70-ம் நாம் எண்ணும் எழுத்தல்ல. புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. "நல்லெண்ணெய்" நமக்கு 6 எழுத்து, போனுக்கு 11. தாண்டினால் இரண்டு செய்தியாகக் காசு பிடிப்பார்கள். உதாரணத்துக்கு:

"புது எள் ஆட்டியாச்சு. நல்லெண்ணெய் 1லி ரூ.420. சனி வரை."

இது 54 இடம். மிச்சமுள்ள 16-ல் கடைப் பெயர். மொத்தமாக அனுப்புவதென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஆகவே பொங்கலுக்கு வேண்டியதைப் பொங்கலுக்கு முந்தின நாள் எழுதிப் பயனில்லை.

நோய் குணமாகும் பேச்சை அறவே விட்டுவிடுங்கள். "சர்க்கரை குறையும்", "மூட்டுவலி போகும்" என்றெல்லாம் எழுதினால் விற்கும் என்று ஆசை வரும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 53-ம் பிரிவில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-லும் முதல் முறை ரூ.10 லட்சம் வரை, மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரை விதிக்கலாம். "கொலஸ்ட்ரால் இல்லாத நல்லெண்ணெய்" என்பதும் கோளாறுதான். தாவர எண்ணெய் எதிலுமே அது இருப்பதாகக் கொள்ள முடியாது. உங்களுடையதில் மட்டும் இல்லாதது போல் காட்டுவது வழிதவறச் செய்வது. "தூய", "இயற்கை", "பாரம்பரிய" போன்ற சொற்களை எப்போது போடலாம் என்பதற்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 2018 விளம்பர ஒழுங்குமுறையில் நிபந்தனைகள் உள்ளன. அச்சுக்கு முன் பார்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும், வீட்டாரிடம் காட்டி "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்பார்கள். கடைக்கு வரும் ஐந்து பேரிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டி, எண்ணெயை அளந்து கொடுத்த பிறகு, வாசித்ததில் என்ன நினைவிருக்கிறது என்று விசாரியுங்கள். எள் கணக்கு திரும்ப வந்தால் தலைப்பு சரி. இட்லிப் பொடி மட்டும் வந்து கடைப் பெயர் வரவில்லையென்றால் பெயரை முன்னால் நகர்த்துங்கள். எந்த விளம்பரம் ஆள் கூட்டி வருகிறது என்று தெரிய, வானொலியில் "வாகைன்னு சொன்னா பத்து ரூபா குறைவு" என்றும், நோட்டீஸில் வேறொரு சொல்லையும் வையுங்கள். கல்லா நோட்டில் இரண்டு பத்தி போட்டுக் கோடு கிழித்து வந்தால், அடுத்த மாதப் பணத்தை எதில் போடுவது என்று தெரிந்துவிடும்.